புல்லும் பாசியும் சாட்சி சொல்லும். கேட்க ஆள் வேண்டும்

சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பது நமது நீண்டகாலக் கோரிக்கை. 2025 ஜூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த 27 வயது பட்டியலின ஐ.டி. ஊழியர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு அந்தக் கோரிக்கை மறுபடியும் வலுத்தது. அந்த வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

சட்டம் வரட்டும், வரவேற்போம். ஆனால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. வழக்குகள் பெரும்பாலும் சட்டப் பிரிவு இல்லாமல் தோற்பதில்லை. சாட்சி இல்லாமல்தான் தோற்கின்றன. அந்தச் சாட்சியைப் பற்றி, அதிலும் நாம் இதுவரை கண்டுகொள்ளாத ஒரு வகைச் சாட்சியைப் பற்றி இந்த வாரம் பேசுவோம். அது மரம், செடி, புல், பாசி, அவற்றின் மேல் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

சாட்சி ஏன் பிறழ்கிறார்?

வன்கொடுமை வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் மறுநாள் காலையில் எங்கே போவார்? குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினருடைய வாழைத் தோட்டத்துக்குத்தான் கூலி வேலைக்குப் போக வேண்டும். அதே தெருவழியாகத்தான் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். அதே கடையில்தான் அரிசி வாங்க வேண்டும். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வழக்கு இழுக்கும்போது அவர் "நான் பார்க்கவில்லை" என்று சொல்லிவிடுகிறார். அவரை நாம் குறை சொல்ல முடியாது. சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பு தரும் 15ஏ பிரிவு 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அது எத்தனை கிராமங்களில் எட்டிப் பார்த்திருக்கிறது என்பது நமக்குத் தெரிந்த கதைதான்.

2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த பட்டியலினப் பொறியியல் பட்டதாரி ஒருவர் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் பிணமாகக் கிடந்தார். முதலில் அது தற்கொலை என்றே பேசப்பட்டது. வழக்கின் மிக முக்கியமான சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆனார். வழக்கைத் தாங்கி நிறுத்தியவற்றில் முதன்மையானது கோயில் கண்காணிப்பு கேமராவின் பதிவு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தீர்ப்புக்கு முன்னால் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் கோயிலுக்கும் சம்பவ இடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்தார்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.

மனிதர் பேசாதபோது பொருள் பேசியது என்பதே அந்த வழக்கு தரும் பாடம். ஆனால் எல்லா இடத்திலும் கேமரா இருக்காது. இருந்தாலும் பதிவு இருக்கும் என்று சொல்ல முடியாது. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தின் கேமராப் பதிவு அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நாடே அறிந்தது. வயல் வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் உடைமரக் காட்டிலும் நடக்கும் குற்றத்துக்குக் கேமரா ஏது? அங்கே இருப்பது செடிகொடிகள்தான்.

செடி எப்படிச் சாட்சி ஆகும்?

இது புதிய யோசனை அல்ல. 1932இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் லிண்ட்பெர்க் என்ற விமானியின் குழந்தை கடத்திக் கொல்லப்பட்டது. கடத்தியவர் விட்டுச்சென்றது ஒரு மர ஏணி. ஆர்தர் கோலர் என்ற மரவியல் வல்லுநர் அந்த ஏணியின் மர ரேகைகளையும் இழைப்புளி தடத்தையும் ஆராய்ந்தார். அதன் ஒரு கட்டை, குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டுப் பரண் பலகையிலிருந்து அறுத்தது என்று 1935 விசாரணையில் அவர் சாட்சி சொன்னார். மரத்தைப் பற்றிப் பேச வல்லுநர் எதற்கு என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

1992இல் அரிசோனா மாநிலத்தில் ஒரு பெண் கொலையானார். சந்தேக நபரின் வண்டியில் பாலோ வெர்டே என்ற மரத்தின் காய்கள் கிடந்தன. அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அந்தக் காயின் மரபணுவை எடுத்து, உடல் கிடந்த இடத்தில் நின்ற மரத்தோடு ஒப்பிட்டார். பொருந்தியது. அதே வகையைச் சேர்ந்த வேறு மரங்களோடு பொருந்தவில்லை. ஒரு தாவரத்தின் மரபணு நீதிமன்றத்தில் சாட்சியாக ஏற்கப்பட்ட முன்னோடி வழக்கு அது.

1991இல் கனெக்டிகட் மாநிலத்தில் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைச் சிலர் தாக்கி, கட்டித் தண்ணீருக்குள் இழுத்துப் போட்டார்கள். சிறுவர்கள் தப்பிவிட்டார்கள். சந்தேகிக்கப்பட்டவர்களின் காலணிச் சேற்றில் இருந்த நுண்பாசிகளும் அந்தக் குளத்துப் பாசிகளும் ஒன்றாக இருந்தன.

இதை நம் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்து யோசிப்போம். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆறு ஓடும் தூரம் சுமார் 128 கிலோமீட்டர்தான். அதற்குள் மழைக்காடு, தேயிலைத் தோட்டம், நெல் வயல், வாழைத் தோட்டம், பனங்காடு, செம்மண் தேரி, உப்பளம் எல்லாம் வந்துவிடுகின்றன. அம்பாசமுத்திரத்து வயல் சேறும் தேரிக்காட்டு மணலும் ஒன்றல்ல. சேற்றில் உள்ள மகரந்தம் வேறு, பாக்டீரியாவும் பூஞ்சையும் வேறு. நாயுருவிக் காட்டுக்குள் ஒருவர் நடந்தால் வேட்டியில் அதன் விதை ஒட்டிக்கொண்டு வரும். வாழை வெட்டியவரின் சட்டைக் கறை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. நம் பெண்கள் இதையெல்லாம் துணி துவைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள். "எந்தக் காட்டுக்குள்ள போயி உழுந்துட்டு வந்தே?" என்று கேட்காத தாய் உண்டா? அந்த அறிவைத்தான் ஆய்வகம் நுண்ணோக்கியில் வைத்துச் செய்கிறது.

இலைகளின் மேல் வாழும் பாக்டீரியாவும் பூஞ்சையும் செடிக்குச் செடி, இடத்துக்கு இடம் மாறுகின்றன. அவற்றின் மரபணுவைப் படித்து ஒரு இலைத்துணுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா என்ற ஆராய்ச்சி நடந்துவருகிறது. இறந்த உடலில் நுண்ணுயிர்கள் வரிசையாக வந்து சேர்வதை வைத்து, இறந்து எத்தனை நாள் ஆனது என்று கணிக்கும் முயற்சியும் நடக்கிறது. 36 மனித உடல்களை அமெரிக்காவின் மூன்று இடங்களில் வைத்துச் செய்த அத்தகைய ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. இவை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன. நாளைக்கே நெல்லை நீதிமன்றத்தில் இதை வைத்துத் தண்டனை வாங்கிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மகரந்தமும் விதையும் மரத்துண்டும் ஆற்றுப் பாசியும் பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்கள் அறிந்த சாட்சிகள்.

ஆற்றுப் பாசி சொல்வதும் சொல்லாததும்

பாசி என்றதும் நெல்லைக்காரர்களுக்கு ஒரு தேதி நினைவுக்கு வர வேண்டும். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் சிறையில் அடைக்கப்பட்டவர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது. கொக்கிரகுளத்தில் மக்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். இரண்டு பெண்கள், ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறோம்.

அன்றிலிருந்து இரண்டு வாக்கியங்கள் மோதிக்கொண்டே இருக்கின்றன. "தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள்" என்கிறது அரசுத் தரப்பு. "அடித்துக் கொன்றார்கள்" என்கிறார்கள் ஊர்வலத்தில் இருந்தவர்கள். அரசு அமைத்த நீதிபதி எஸ்.மோகன் ஆணையத்தின் அறிக்கை போலீஸ் நடவடிக்கையை நியாயப்படுத்தும் திசையிலேயே அமைந்தது. நம் மக்கள் அதை ஏற்கவில்லை.

இங்கே அறிவியல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெளிவாகப் புரிந்துகொள்வது நமக்கு அவசியம். ஆறு, குளம், கிணறு எல்லாவற்றிலும் டயாட்டம் என்ற ஒருசெல் பாசி உண்டு. அதன் ஓடு மணலில் உள்ள சிலிக்காவால் ஆனது. அமிலத்தில் போட்டாலும் கரையாது. உயிரோடு ஒருவர் தண்ணீரில் மூழ்கினால் நீரோடு டயாட்டமும் நுரையீரலுக்குள் போகும். இதயம் துடித்துக்கொண்டிருப்பதால் ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போய்ச் சேரும். செத்த பிறகு உடலைத் தண்ணீரில் போட்டால் ரத்த ஓட்டம் இல்லை. மஜ்ஜைக்குப் போக வழியில்லை. எனவே தொடை எலும்பையோ மார்பெலும்பையோ எடுத்து மஜ்ஜையைச் சோதிக்கிறார்கள். அதில் இருக்கும் டயாட்டமும் அந்த நீர்நிலையின் டயாட்டமும் ஒரே வகையா என்று ஒப்பிடுகிறார்கள்.

பொருந்தினால் என்ன பொருள்? தண்ணீருக்குள் போகும்போது அவருக்கு உயிர் இருந்தது என்று பொருள். அவ்வளவுதான். அவர் தானாக விழுந்தாரா, தள்ளப்பட்டாரா, தடிக்குப் பயந்து ஓடினாரா, அடிபட்டு நீந்த முடியாமல் போனாரா என்று பாசி சொல்லாது. மண்டையில் அடி வாங்கி மயங்கி ஆற்றில் விழுந்தவரின் மஜ்ஜையிலும் டயாட்டம் இருக்கும். ஆகவே "நீரில் மூழ்கி மரணம்" என்று ஒரு சான்றிதழ் சொல்வதால் "யாரும் பொறுப்பில்லை" என்று ஆகிவிடாது. அவரை ஆற்றுக்குள் அனுப்பியது எது என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதற்குப் பதில் உடலில் உள்ள காயங்களிலும் கேமராவிலும் கண்ணால் கண்டவர்களிடமும் இருக்கிறது.

பொருந்தாவிட்டாலும் கவனம் தேவை. சில நீர்நிலைகளில் டயாட்டம் குறைவு. சிலருக்கு மூச்சுக்குழல் இறுகித் தண்ணீர் அதிகம் உள்ளே போகாமலே மரணம் வரும். ஆய்வகக் குழாய்த் தண்ணீரில் உள்ள டயாட்டமே மாதிரியில் கலந்து ஏமாற்றவும் கூடும். இந்தச் சோதனை தனியாக நின்று தீர்ப்பு எழுதாது. ஆனால் கிணற்றில் மிதந்தார், கால்வாயில் கிடந்தார் என்று நம் பிள்ளைகளின் மரணங்கள் ஒரே வரியில் முடிக்கப்படும்போது, "மஜ்ஜையைச் சோதித்தீர்களா, அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்தீர்களா?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சட்டத்தில் உள்ள ஓட்டை

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது. தடயம் சேகரிப்பதை வீடியோவாகப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் நமக்கு இது எந்த அளவு பயன்படும்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவைப் பாருங்கள். பட்டியலின மக்களின் நிலத்தை ஆக்கிரமிப்பது, பயிரை அழிப்பது, விளைச்சலை அள்ளிக்கொண்டு போவது, குடிநீரை அசுத்தமாக்குவது, அருவருப்பான பொருளை உண்ணவைப்பது எல்லாம் அதில்தான் வருகின்றன. இவற்றுக்கு உச்ச தண்டனை ஐந்து ஆண்டு. ஏழு ஆண்டு என்ற கோட்டுக்குக் கீழே இவை நின்றுவிடுகின்றன. அதாவது, வெட்டிச் சாய்த்த வாழையும் நஞ்சு ஊற்றிய கிணறும் எந்தக் குற்றங்களில் நேரடித் தடயமோ, அந்தக் குற்றங்களில் பலவற்றுக்குத் தடயவியல் வல்லுநர் வரவேண்டிய கட்டாயமே இல்லை.

வேங்கைவயல் இதற்கு உதாரணம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்த ஊரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுத்தவர்களில் பலர் பாதிக்கப்பட்ட மக்களே. 31 பேரின் மாதிரிகள் பொருந்தவில்லை என்று செய்தி வந்தது. கடைசியில் 2025 ஜனவரியில் அந்த மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அரசியல் கட்சிகளும் இயக்கங்களும் அதைக் கடுமையாக எதிர்த்தன. அறிவியல் கருவி நடுநிலையானதாக இருக்கலாம். அதை யாரை நோக்கித் திருப்புவது என்று முடிவெடுக்கும் கை நடுநிலையானதா என்பதுதான் நமது கேள்வி.

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003இல் காதலித்து மணந்த இருவருக்கு விஷம் புகட்டி உடல்களை எரித்தார்கள். தடயத்தின் பெரும்பகுதி அந்தத் தீயிலேயே போயிற்று. கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு 2021இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தண்டனையை உறுதிசெய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். தடயத்தைச் சேகரிக்க வேண்டிய கையே தடயத்தைக் கெடுத்தால் எந்த ஆய்வகமும் உதவாது.

நாம் கேட்பது

முதலாவதாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவாகும் எல்லா வழக்குகளிலும், தண்டனை ஆண்டைப் பார்க்காமல், தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிட வேண்டும். இந்த வழக்குகளை டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரித்து 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மழை ஒன்று பெய்தால் சேறும் மகரந்தமும் போய்விடும். எனவே அறுபது நாட்களில் முதல் இரண்டு நாள்தான் முக்கியம்.

இரண்டாவதாக, திருநெல்வேலியில் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் ஆழ்வார்குறிச்சியில் அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையமும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகளும் இருக்கின்றன. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆறு, கால்வாய், குளங்களின் டயாட்டம், மகரந்தம், மண் நுண்ணுயிர் ஆகியவற்றைப் பருவந்தோறும் எடுத்து ஒரு ஒப்பீட்டுத் தொகுப்பு உருவாக்க இவர்களால் முடியும். ஒப்பிட எதுவும் இல்லாதபோது, காலணியில் இருக்கும் சேறு வெறும் சேறுதான்.

மூன்றாவதாக, அரசு ஆய்வக வல்லுநர்களின் அறிக்கை 329ஆம் பிரிவின்படி நேரடியாகச் சான்றாக ஏற்கப்படுகிறது. மற்ற வல்லுநர்களையும் அறிவிக்கை மூலம் அந்தப் பட்டியலில் சேர்க்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. தாவரவியல், நுண்ணுயிரியல் வல்லுநர்களை அதில் சேர்க்க வேண்டும். நீதிபதி பாஷா ஆணையத்தின் முன்னும் நம் இயக்கங்கள் இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. நாமும் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சம்பவ இடத்தில் கூட்டம் கூடி மிதிக்க வேண்டாம். காயப்பட்டவரின் துணியைத் துவைக்கவோ எரிக்கவோ வேண்டாம். போலீஸ் வருவதற்கு முன் அந்தத் துணியை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கிடந்தால் பூஞ்சை பிடித்து எல்லாத் தடயமும் கெடும். சுத்தமான காகிதத்தில் தனித்தனியாக மடித்து வைக்க வேண்டும்; யார் எடுத்தது, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். தண்ணீரில் உடல் கிடைத்தால், அன்றைக்கே அந்த இடத்துத் தண்ணீரை மாதிரி எடுக்கவும், மஜ்ஜைச் சோதனை செய்யவும், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கவும் எழுத்துமூலம் மனு கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உடலை வாங்க மறுத்துப் போராடும்போது, கைது செய் என்ற முழக்கத்தோடு இந்தக் கோரிக்கைகளும் சேர வேண்டும்.

நம் பகுதியில் தாவரவியலும் நுண்ணுயிரியலும் படித்த பட்டியலினப் பிள்ளைகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வெளியே வருகிறார்கள். பலர் வேலையில்லாமல் இருக்கிறார்கள், அல்லது படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போகிறார்கள். தடய அறிவியல் துறையின் பணியிடங்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். வரப்பில் கிடக்கும் ஒரு புல்லைப் பார்த்து அது எந்த வயலில் முளைப்பது என்று சொல்லத் தெரிந்த குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த அறிவு ஆய்வக மேசையிலும் சாட்சிக் கூண்டிலும் ஏறட்டும்.